எதிர்ப்பக்கம்

கேஜில் போகிறதா, போகவில்லையா? என் வேலையில் ஒரு பீஸிடம் கேட்கவேண்டிய கேள்வி இது ஒன்றுதான். ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய கம்பெனி. அங்கே தர ஆய்வில் இருக்கிறேன். பீஸ் வரும். கேஜில் போட்டுப் பார்த்து, பச்சை டிரேயிலோ சிவப்பு டிரேயிலோ வைப்பேன். அதற்குள் அடுத்தது வந்திருக்கும். 'பி' ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து டி.வி.யைப் போட்டால் அங்கே பந்து வரும். அடிப்பேன். அதற்குள் அடுத்த பந்து வந்திருக்கும். செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் அலுத்துப்போகிறவன் இன்னொன்றில் எப்படி இளைப்பாறுகிறேன்?

*

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹாண்டில் வாங்கிய நிண்டெண்டோ வீ. 2006இல் வெளிவந்த வீடியோ கேம் இயந்திரம். பெரும்பாலான நாடுகளில் அதோடு சேர்த்தே கொடுத்த 'வீ ஸ்போர்ட்ஸ்' டென்னிஸ்தான் எங்கள் ஆட்டம். ஓட வேண்டியதில்லை. திரையில் இருக்கும் ஆள் தானே ஓடிப்போய்ப் பந்தருகே நின்றுகொள்வான். கையை வீசுவது மட்டும்தான் நம் பொறுப்பு. ரிமோட்டுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு சிலிக்கான் சென்சார் அந்த வீச்சின் முடுக்கத்தை அளக்கிறது. கார் மோதும்போது ஏர்பேக்கை விரியச் சொல்வதும் இதே வகைச் சென்சார்தான். வண்டித் தொழில் ஊரில் இருப்பவனுக்கு, விளையாட்டுப் பொருளைப் பிரித்தாலும் உள்ளே வண்டிதான் தெரிகிறது.

*

வலக்கைக்காரர் முன்கை வீச்சில் சற்று முந்தினால் பந்து இடப்பக்கம் போகிறது. சற்றுப் பிந்தினால் வலப்பக்கம். ரொம்பவும் முந்தினாலோ பிந்தினாலோ கோட்டுக்கு வெளியே.

என் மேஜையில் இந்தச் சலுகை கிடையாது. சில மைக்ரான் கூடிப்போனால் சிவப்பு டிரே, அவ்வளவுதான். இங்கே அதே பிசகுக்கு ஒரு திசை கிடைக்கிறது. எதிராளி எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு நொடித்துளி பிந்துகிறேன். பிசகு, தேர்வு ஆகிவிடுகிறது. ஆனால் மறுபக்கம் ஆள் நின்றால்தான். வெறும் சுவருக்கு இடமும் வலமும் ஒன்றுதான்.

*

இதே ஊரில் டைட்டன் கைக்கடிகாரம் செய்கிறார்கள். குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதியாக்கிக்கொண்டே போனால் ஒன்று வரும். நொடி முள்ளின் ஒரு தாவல் அது.

எங்கள் ஆட்டத்திலோ, திரையில் நொடிக்கு 60 படங்கள். அந்த அறுபதில் எந்தப் படத்தில் கையை வீசுவது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பந்து எழும்புவதைக் கண் பார்க்கிறது, மணிக்கட்டு முடிவெடுத்துவிடுகிறது. புது டி.வி.கள் படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காகச் சற்றுத் தாமதிக்கின்றன. நாம் பார்க்கும் இடத்தை உண்மையான பந்து அதற்குள் தாண்டிவிட்டிருக்கும். 'கேம் மோட்' போட்டால் மெருகு குறைகிறது, தாமதமும் குறைகிறது. பார்ப்பவனுக்கு அழகு போதும். பதில் சொல்ல வேண்டியவனுக்கு நேரம்தான் வேண்டும்.

*

திரையில் ஆடிய முதல் ஆட்டங்களில் ஒன்றே டென்னிஸ்தான். 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்துக்கு வரும் பார்வையாளர்களுக்குச் சலிப்புத் தட்டக் கூடாதென்று வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலாளர் அதை அமைத்தார். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். அலைகாட்டியின் வட்டத்திரையில் தரைக்கு ஒரு கோடு, வலைக்கு ஒரு கோடு, நடுவே துள்ளும் ஒரு புள்ளி. 1972இல் அட்டாரி கம்பெனியின் 'பாங்' வந்தது. அதிலும் பந்தைத் திருப்பி அடிப்பதுதான் மொத்த ஆட்டமும்.

இரண்டுக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆளாக ஆட வழியே இல்லை. டென்னிஸில் எதிரே நிற்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

*

என்னோடு வீ ஆடுபவர் பக்கத்து போர்ஷன் அண்ணன். கோலார்க்காரர். வீட்டில் தெலுங்கு, வேலை இடத்தில் கன்னடம், என்னிடம் தமிழ். அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிறார். வாடகை கம்மி என்பதால் குடித்தனம் மாநில எல்லைக்கு இந்தப் பக்கம். சின்ன வயதில் அவர் வீட்டிலும் டி.வி.யில் மாட்டும் கார்ட்ரிட்ஜ் இருந்ததாம். ஆயிரக்கணக்கான கேம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உள்ளே ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும். அதில் டென்னிஸ் உண்டு. நிண்டெண்டோ 1984இல் வெளியிட்டது. நடுவர் நாற்காலியில் மரியோ உட்கார்ந்திருப்பார்.

அதில் ஒரு விசேஷம். இரண்டு பேர் ஆடினால் ஒருவரை ஒருவர் எதிர்க்க முடியாது. இருவரும் ஒரே பக்கம், எதிரே இயந்திரம். "சண்டை வராதுன்னு எங்கம்மா அது ஒண்ணத்தான் போட விடுவாங்க தம்பி" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "அப்பவும் சண்டை வந்துச்சு. பந்து யாருதுன்னு" என்றார்.

*

தென்காசிப் பக்கத்துக் குடும்பத்தில் வந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். முதல் தடவை நீல் பிரேசரிடமும் அடுத்த தடவை ராட் லேவரிடமும் தோற்றார். இருவரும் அந்தந்த ஆண்டு கோப்பையை வென்றவர்கள். கிருஷ்ணனின் பெயர் நின்றது பலத்தால் அல்ல, தொடுகையால். எதிராளி அனுப்பும் வேகத்தையே வாங்கி, அவர் இல்லாத இடத்துக்குத் திருப்பி வைப்பது. அப்படி ஆடுபவருக்கு எதிராளி ஒரு தடையல்ல, முதலீடு. எதிரே வேகம் இல்லையென்றால் தன்னிடம் திருப்பித் தர ஒன்றும் இருக்காது.

*

அண்ணனுக்கு நைட் ஷிஃப்ட் வரும் வாரங்களில் தனியாகத்தான் ஆட்டம். வீ டென்னிஸில் திரையில் எப்போதும் நான்கு பேர். நான் ஒருவனாக ஆடும்போது என் பக்கத்து இருவரும் என் கைக்கே கட்டுப்பட்டவர்கள். நான் வீசினால் வலையருகே நிற்பவனும் வீசுகிறான், பின்னால் நிற்பவனும் வீசுகிறான். கூட்டாளியும் நானே, எதிராளி இயந்திரம். ஜெயித்தால் என் திறனைக் காட்டும் எண் ஏறுகிறது. தோற்றால் எண் இறங்குகிறது. அந்த வாரங்களில் சீக்கிரமே அணைத்துவிடுகிறேன். அப்போது வருகிற அலுப்பை எனக்கு நன்றாகத் தெரியும். வேலையில் மேஜையருகே நிற்கும்போது வருகிற அதே அலுப்பு.

ஆக, திரும்பத் திரும்பச் செய்வதா மனிதனைத் தேய்க்கிறது? அப்படித் தோன்றவில்லை. அண்ணனோடு நூறு தடவை திருப்பி அடித்த பந்து நூற்றோராவது தடவையும் புதிதாக வருகிறது. எனக்காக அனுப்பப்பட்டது அது.

*

நான் பச்சை டிரேயில் வைக்கும் பீஸுக்கும் மறுபக்கத்தில் ஆள் உண்டு. அது ஏதோ ஒரு வண்டியில் ஏறி, கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும். பிரேக் பிடிக்காத லாரிகளுக்குப் பேர்போன இறக்கம். அங்கே மிதியில் கால் வைக்கும் டிரைவருக்கு நான் யாரென்று தெரியாது. சரியாகப் பிடித்த பிரேக்குக்கு யாரும் பதில் எழுதுவதில்லை. அங்கிருந்து எங்களுக்குத் திரும்பி வரும் பந்து ஒன்றே ஒன்றுதான்: வாரண்டி புகார். பீஸ் நம்பர், ஓடிய கிலோமீட்டர், டிரைவர் சொன்ன குறை என்று சிறு சிறு கட்டங்கள் கொண்ட படிவம். முன்பெல்லாம் குறைக்கு நேராக இருக்கும் கோட் நம்பரை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலில் போடுவேன். இப்போது டிரைவர் சொன்னதையும் முழுக்க வாசிக்கிறேன்.