எது போலி?

லாஸ் வேகாஸில் இருக்கும் நண்பன், வீட்டுக் கொல்லையில் குட்டி கோல்ஃப் திடல் போட்டிருக்கிறான். மண்ணைத் தோண்டி, ஜல்லித்தூள் கொட்டி இறுக்கி, பிளாஸ்டிக் புல் விரித்து, மணல் தூவி, நாலேகால் அங்குலத்தில் ஒரு குழி!

''போலிப் புல்லுல என்னடா சந்தோஷம்?'' என்றேன்.

''பாலைவனத்துல நிஜப் புல் வளர்த்தோமே... அது மட்டும் நிஜமா?'' என்றான்.

நியாயம்தான். அந்த ஊர் குடிப்பது கொலராடோ ஆற்றுத் தண்ணீர். 'வெறும் அழகுக்காக வளர்க்கும் புல்லுக்கு 2027 முதல் அந்தத் தண்ணீர் கிடையாது' என்று நெவாடா மாநிலம் 2021-ல் சட்டமே போட்டது. தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு. இவன் மாறியது மனசாட்சிக்காக.

ஆனால், மத்தியான வெயிலில் அந்தப் புல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. சூடு தணியத் தண்ணீர் தெளிக்கிறானாம்! கிழிந்தால் மக்கவும் மக்காது.

காமர்ஸ் படித்த புத்தி கணக்கு போட்டது. மிச்சமான தண்ணீர் வரவு. சூடும் குப்பையும் செலவு. கூட்டிக் கழித்தால் லாபமாகவே இருக்கட்டும். பாலைவனத்தில் பச்சை வேண்டும் என்ற ஆசை மட்டும் பழைய பாக்கியாக அப்படியே நிற்கிறதே!

சிரிக்காதீர்கள். சர்க்கரையை விட்டுவிட்டு, மாத்திரை போட்டு மூன்றாவது காபி குடிக்கிறோமே நாம்... புல்லை மாற்றுவது சுலபம் சார்!