விடுபட்ட பெயர்

வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறும் அனுமதி ஒரு குடும்பத்துக்குக் கிடைத்துவிட்டால், அவ்வீட்டில் அடுத்த சில மாதங்கள் ஓயாத பரபரப்புதான். எந்தப் பெட்டியில் எத்தனை கிலோ, குளிருடையை இங்கேயே வாங்குவதா அங்கே போய் வாங்குவதா என்று பேச்சு நீளும். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் முதன்முறை அந்நாட்டில் கால்வைக்கும்போது நம்முன் நிற்கும் கேள்விகளுள் கனமானது பெட்டியைப் பற்றியதன்று. உங்கள் குடும்பத்தில் யார் யார் என்பதே அது.

நம் மக்கள் பலரும் நாடிச் செல்லும் கனடாவையே எடுத்துக்கொள்வோம். அங்கு முதலில் கிடைப்பது குடியுரிமை அன்று, நிரந்தர வசிப்புரிமை. (நம்மவர் இரண்டையும் ஒன்றாகவே பேசிவருகின்றனர்.) விண்ணப்பிக்கிறவர் தம் வாழ்க்கைத் துணையையும், 22 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளையும் குறிப்பிட்டாக வேண்டும். உடன் வராத பிள்ளையையும் குறிப்பிட வேண்டும். மருத்துவப் பரிசோதனை அப்பிள்ளைக்கும் உண்டு. அனுமதி கிடைத்தபின் ஒரு திருமணம் நடந்திருந்தாலோ, குழந்தை பிறந்திருந்தாலோ, அதையும் நுழையுமுன் தெரிவிக்க வேண்டும். 2002இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இவ்வாறு சொல்லப்படாமலும் பரிசோதிக்கப்படாமலும் விடப்பட்டவரைப் பிற்காலத்தில் குடும்ப உறவைக் காட்டி அழைத்துக்கொள்ளும் வழி பொதுவாக அடைபட்டுவிடுகிறது.

அப்படியிருந்தும் ஏன் ஒரு பெயர் விடுபடுகிறது? கெட்ட எண்ணத்தால் என்று நாம் சொல்லமாட்டோம். பிறந்த குழந்தையைச் சொன்னால் பயணம் தள்ளிப்போகுமே என்ற அச்சம். மகளின் திருமணத்தைச் சொன்னால் அவள் பெற்றோரைச் சார்ந்த பிள்ளையாகக் கருதப்படமாட்டாளே என்ற கவலை. பங்கின் திருமணப் பதிவேட்டில் மணமக்கள் கையெழுத்திட்டிருக்க, வேறொரு தாளில் அவள் கன்னிப்பெண்ணாகவே நிற்பாள். “கேட்டால் சொல்வோம், கேட்காததை நாமாக ஏன் சொல்ல வேண்டும்?” என்று அறிவுரை வழங்கவும் ஆள் உண்டு.

அந்நிய நாட்டின் வாயிலில் குடும்ப உறவை மாற்றிச் சொன்ன முதல் மனிதர் நம் விசுவாசத்தின் தந்தையே என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பஞ்சம் பிழைக்க எகிப்துக்குச் சென்ற ஆபிராம், எல்லையை நெருங்கியபோது, தம் மனைவி சாராயைத் தம் சகோதரி என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டதைத் தொடக்கநூல் 12ஆம் அதிகாரம் மறைக்காமல் உரைக்கிறது. அவருக்கு உயிரச்சம். சூழ்ச்சி பலித்தது, ஆடுமாடுகளும் ஒட்டகங்களும் வந்து சேர்ந்தன. சாராயோ பார்வோனின் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டார்.

புனித அகுஸ்தினார் ஆபிராமுக்காக வாதாடுகிறார். சாரா உண்மையில் தந்தைவழிச் சகோதரி என்பதால், அவர் பொய் சொல்லவில்லை, உண்மையின் ஒரு பகுதியை மறைத்தார் என்பது அவர் கூற்று. நுட்பமான வாதந்தான். பின்னாளில் இந்நுட்பத்தைச் சிலர் நெடுந்தூரம் இழுத்துச் சென்று, வாயால் ஒன்றைச் சொல்லி மீதியை மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் பொய்யாகாது என்றுகூடக் கற்பித்தனர். திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் 1679இல் அதைக் கண்டித்தார். மறைவல்லுநரான புனிதரோடு வழக்காடும் தகுதி நமக்கில்லை. எனினும் சொன்ன சொல் பொய்யா, அரைமெய்யா என்று ஆராய்வதோடு நின்றுவிடலாமா? அதற்கு விலை கொடுத்தவர் யார் என்றும் கேட்க வேண்டுமன்றோ? சொன்னவர் ஆபிராம், அரண்மனைக்குள் போனவர் சாராய். அவருடைய மறுமொழி எதுவும் அங்குப் பதிவாகவில்லை.

இன்றைய வழக்குகளிலும் இதுவே நிகழ்கிறது. 1993இல் கனடாவில் குடியேறிய பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாய் ஒருவர், உடன் சென்ற மகளை மட்டும் குறிப்பிட்டு, தாய்நாட்டில் இருந்த இரு மகன்களைக் குறிப்பிடவில்லை. பிற்பாடு அவர்களை அழைக்க முயன்றபோது வழி மறுக்கப்பட்டது. 2005இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்மறுப்பையே உறுதிசெய்தது. பிழை தாயுடையது, பிரிவோ மகன்களுடையதும் ஆயிற்று. இவ்விதியின் கடுமையை அரசே உணர்ந்ததுபோலும், 2019இல் விடுபட்டோர் சிலருக்கு ஒரு தற்காலிகச் சலுகையைத் தொடங்கியது. தஞ்சம் தருகிறவர்கள், பிள்ளையின் தலையில் பெற்றோரின் குற்றத்தை ஏற்றுவது நீதியாகாது என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் விதி கொடியது என்பதால் பெயரை மறைத்தவர் நிரபராதி ஆகிவிடுவதில்லை.

எல்லாவற்றினும் கடினமானது நோயுற்ற பிள்ளையின் நிலை. மருத்துவச் செலவு மிகுதியாகும் என்று ஒரு பிள்ளையைக் காரணங்காட்டி, முழுக் குடும்பத்துக்கும் அனுமதி மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. செலவின் வரம்பு 2018இல் உயர்த்தப்பட்டு, தனிக்கல்விக்கான செலவு கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. மறுக்குமுன் விளக்கம் கேட்டு மடல் வரும், பதிலளிக்க வாய்ப்புண்டு. அந்தப் போராட்டம் நீண்டது, முடிவும் உறுதியற்றது. ஆகவே, “மற்ற மூவரின் வாழ்வுக்காக இவனைப் பாட்டியிடம் விட்டுப் பெயரைக் குறிப்பிடாமல் போவோமே” என்ற எண்ணம் எழக்கூடும். எழுந்ததற்காக அந்தப் பெற்றோரை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் அந்தப் படிவத்தில் அவன் இல்லாதவனாகிறான். எந்த அதிகாரியும் அவனை நீக்கவில்லை, பெற்றவர்களே நீக்கினார்கள். திருமுழுக்கு நாளில் ஆலயத்தில் உரக்கச் சொல்லப்பட்ட பெயர் அது.

நகைகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தந்தை வீட்டுத் தெய்வச் சிலைகளை ஒட்டகச் சேணத்துக்குள் ஒளித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்ட இராகேலை அறிவோம். நிழற்படமும் மதிப்பீட்டுச் சான்றும் வைத்து, உடன் கொண்டுசெல்பவை ஒரு பட்டியல், பின்னர் வருபவை ஒரு பட்டியல் என்று முதல் நுழைவிலேயே கொடுத்துவிட்டால், சேணத்தின்மேல் உட்கார வேண்டிய தொல்லை இல்லை.

இன்னொரு படிவம் உண்டு. அதை எந்த அரசும் கேட்பதில்லை. நம் வீட்டில் குடும்பம் என்றால் தாய் தந்தையும் அடக்கம். கனடாவின் விண்ணப்பத்தில் அவர்கள் உடன்வரும் குடும்பத்தினர் அல்லர். அங்கே அவர்களை நாம் மறைக்கவில்லை. ஆனால் புறப்படுமுன் அவர்களிடம், “ஆறே மாதத்தில் உங்களையும் அழைத்துக்கொள்வோம்” என்கிறோமே, அது உண்மையா? பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் இடங்கள் ஆண்டுதோறும் வரம்புக்குட்பட்டவை. 2011இல் வந்த சிறப்பு விசா நீண்டநாள் தங்கும் வாய்ப்பே. அதற்கும் மகனின் வருமானமும் பெற்றோரின் மருத்துவக் காப்பீடும் காட்டியாக வேண்டும். வசிப்புரிமை நிலைக்க ஐந்தாண்டுகளில் 730 நாள்களேனும் அங்கே வாழ வேண்டிய மகன், புதிய வேலையில் எத்தனை விடுப்பு எடுக்க முடியும்?

இதையெல்லாம் அம்மாவை உட்காரவைத்துச் சொல்லலாம். எப்போது வர இயலும், வர இயலாமற்போனால் மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்வார், செலவுக்கு எந்தத் தேதியில் பணம் வரும் என்று சொல்லலாம். அவர் அழக்கூடும். பெரும்பாலும் அவருக்கு இது முன்னமே தெரிந்திருக்கும். மகன் வாயால் வரட்டும் என்றே காத்திருந்திருப்பார்.