லஸ்ஸன்

எர்ஃபுர்ட் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு இரவுப் பணி. ஜெர்மனில் பி2 தேறித்தான் வந்தேன். ஆனாலும் 'லஸ்ஸன்' என்ற வினைச்சொல் இன்னும் எனக்குப் பிடி கொடுக்கவில்லை.

குழந்தையை விளையாட விடுவதும் லஸ்ஸன், காரைப் பழுதுபார்க்கக் கொடுப்பதும் லஸ்ஸன். குடையை பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு வந்தாலும் அதுதான். சலூனுக்குப் போய்வந்தவரும் அந்தச் சொல்லைச் சேர்த்தே பேச வேண்டும். (நாமோ கத்தரியை நாமே பிடித்ததுபோல 'முடி வெட்டினேன்' என்கிறோம்.)

நாகர்கோவிலில் நான் கேட்டு வளர்ந்த வேதாகமத்தில், மத்தேயு 5:45-ல், கடவுள் மழையைப் பெய்யப்'பண்ணுகிறார்'. லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் லஸ்ஸன். பெய்ய வைக்கிறாரா, பெய்ய விடுகிறாரா? மழை எப்படியோ போகட்டும். 2017-ல் ஒக்கிப் புயல் எங்கள் பக்கத்து மீனவர்களைக் கொண்டுபோனபோது, கரையில் நின்றவர்கள் கேட்டதும் இதைத்தான்.

சாவோடு சேரும்போது இந்தச் சொல் என்னை உலுக்குகிறது. நோயாளியின் விருப்பப்படி குழாய் உணவை நிறுத்தினால் அது 'ஷ்டெர்பன் லஸ்ஸன்', சாக விடுதல். கொல்வதற்கு வேறு சொல் உண்டு. ஆனால் நாவலாசிரியர் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகனைச் சாகடித்தாலும் இதே இரண்டு சொற்கள்தான்! கடவுள் இதில் யார்? கட்டிலருகே நிற்கும் நர்ஸா, பேனா பிடித்தவரா? நர்ஸ் என்பார்கள் போதகர்கள். எல்லாம் வல்லவர் என்றும் அவர்களே சொல்வதால் அந்த விடை எனக்கு ஒட்டவில்லை.

இதே ஊரில் டொமினிக்கன் மடத்தின் தலைவராக இருந்த எக்ஹார்ட் கேள்வியையே மனிதன் பக்கம் திருப்பினார். விட வேண்டியவன் நீதான்: உடைமையை, உன்னை, கடைசியில் நீ பிடித்துவைத்திருக்கும் கடவுளையும். லஸ்ஸனிலிருந்து கிளைத்த 'கெலஸ்ஸன்ஹைட்' என்ற சொல் அதற்குப் பெயராயிற்று. இன்று டென்ஷன் ஆகாதவர்களையெல்லாம் 'கெலஸ்ஸன்' என்கிறார்கள். எக்ஹார்ட்டின் 28 கூற்றுகளைப் போப் 22-ஆம் ஜான் 1329-ல் கண்டித்தபோது அவர் உயிரோடு இல்லை.

களைத்தவன் என்று பொருள்படும் லத்தீன் 'லஸ்ஸுஸ்' லஸ்ஸனுக்கு உறவுச் சொல்லாம். விடிகாலை நாலு மணிக்கு அதை நம்ப எனக்கு அகராதி வேண்டியதில்லை.

எங்கள் இல்லத்தில் 93 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். பட்டன் போட்டுவிடப் போனால் கையைத் தட்டிவிட்டு 'லஸ்' என்பார். விடு. தானே போட்டு முடிக்க அரைமணி ஆகும். ஒன்றாவது ஓட்டை மாறித்தான் விழும். நான் விட்டுவிட்டு நிற்பேன். கை மட்டும் துறுதுறுக்கும்.