எடை திரும்ப ஏறினால் அது பாவமா?

ஓம் சரவணபவ 🙏



கந்த சஷ்டி முடிஞ்சு ரெண்டு வாரத்துல நம்ம பக்கம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "விரதத்துல மூணு கிலோ குறைஞ்சுது, அதுக்குள்ள திரும்ப வந்துடுச்சு." ஆறு நாளில் குறைவது பெரும்பாலும் உடம்பில் இருக்கும் தண்ணீர்தான். அது திரும்பி வருவது இயற்கை, விட்டுடுங்க.

இன்னைக்கு யோசிக்க வேண்டியது வேறு ஆட்களைப் பற்றி. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பயந்து, ஒரு வருஷம் வாயைக் கட்டி, தினமும் நடந்து, பத்து பதினைந்து கிலோ குறைத்தவர்கள். டாக்டர் சொன்ன எடையைத் தொட்டவர்கள். ரெண்டு வருஷத்தில் அதில் பாதி திரும்பிவிட்டால் ஊர் என்ன சொல்லுது? "மனசுல உறுதி இல்ல. நாக்கு கேக்கல."

இந்தத் தீர்ப்பு நியாயமானதா?

முதலில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்த ஒரு ஆய்வு 2011-ல் வெளிவந்தது. 50 பேர் சேர்ந்தார்கள். 10 வாரம் ரொம்பக் குறைவான சாப்பாட்டில் எடையைக் குறைத்தார்கள். ஒரு வருஷம் கழிச்சு ரத்தத்தைச் சோதித்தபோதும் பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறியபடியே இருந்தது, 'போதும்' என்று சொல்லும் ஹார்மோன் இறங்கியபடியே இருந்தது.

2016-ல் அமெரிக்காவில் வெளிவந்த இன்னொரு ஆய்வு, டிவி போட்டியில் எடை குறைத்த 14 பேரைப் பற்றியது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள். ஆறு வருஷத்தில் அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. அவர்கள் அளவு உடம்புக்கு எவ்வளவு கலோரி செலவாக வேண்டுமோ, அதைவிட நாளுக்கு சுமார் 500 குறைவாகவே செலவானது. கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து உடம்பு சேமிக்குது. அதுக்கு நம்ம கல்யாணமும் தெரியாது, டாக்டர் சொன்ன கணக்கும் தெரியாது.

ஆக, எடை குறைத்தவர் பக்கத்து வீட்டுக்காரரைவிட அதிகப் பசியோடு, அவரைவிடக் குறைவாகச் சாப்பிட்டு வாழ வேண்டியிருக்கு. அவரைப் பார்த்து 'உறுதி இல்லாதவர்' என்று சொல்வது பெரிய அநியாயம்.

"அப்போ உடம்பு மேலதான் தப்பு, நம்ம கையில ஒண்ணுமில்லயா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பதில் நம்ம எண்ணூரிலேயே இருக்கு.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தைப் பார்த்திருப்பீங்க. கடல் மணலைக் கொண்டுவந்து தள்ளிக்கிட்டே இருக்கும். தூர்வாரினால் திறக்கும், விட்டால் அடைக்கும். அடைத்தால் படகு போகாது, மீனும் இறாலும் உள்ளே வராது. துறைமுகங்களிலும் இதே கதைதான். முதலில் ஒரு தடவை ஆழப்படுத்துவது ஒரு வேலை. அந்த ஆழத்தைக் காப்பாற்ற மறுபடி மறுபடி மண் அள்ளுவது தனி வேலை, அதுக்குத் தனிச் செலவு, தனிக் கணக்கு. மணல் திரும்பி வந்ததுக்காக யாரும் துறைமுகத்தைத் திட்டுவதில்லை. ஆனால் ஆழம் அளக்காமல், மண் அள்ளாமல் விட்டால் பொறுப்பானவர்களைக் கேட்போம்.

மணல் வருவது குற்றம் இல்லை. அளக்காமல் விடுவதுதான் நம்ம பொறுப்பு. குற்றத்துக்கும் பொறுப்புக்கும் உள்ள இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிடும்.

புரியாவிட்டால் என்ன ஆகும்? வெட்கம் வரும். வெட்கப்படுபவர் எடை பார்ப்பதை நிறுத்துவார். "டாக்டர் திட்டுவார்" என்று சர்க்கரை டெஸ்ட்டுக்குப் போகமாட்டார். ரெண்டு கிலோவில் சரிசெய்ய வேண்டியது இருபது கிலோவில் போய் நிற்கும். நாம் விளையாட்டாகச் சொல்லும் "மறுபடி ஊதிட்டியே" என்ற ஒரு வார்த்தைக்கு இந்த விலை.

இன்னொரு விஷயம். எடை குறையும்போது எல்லாரும் பாராட்டுவாங்க. சட்டை தொளதொளன்னு ஆகும், போட்டோ போடுவோம். காப்பாற்றும்போது ஒண்ணும் மாறாது. 70 கிலோ அடுத்த வருஷமும் 70 கிலோதான். யாரும் கவனிக்கமாட்டாங்க. சாட்சியே இல்லாமல் தினமும் செய்யும் ஒழுக்கம் இது, அதனால்தான் கடினம். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டு அளவைப் பற்றித்தான் பேசுகிறார். அதில் இத்தனை நாள் என்ற கெடு எங்கேயும் கிடையாது.

காப்பாற்றியவர்களும் இருக்காங்க. 1994-ல் அமெரிக்காவில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 13.6 கிலோவாவது குறைத்து, ஒரு வருஷமாவது காப்பாற்றியவர்களுக்கு மட்டும் அதில் இடம். 10,000 பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் பார்த்த பழக்கங்கள் சாதாரணமானவை: வாரம் ஒரு தடவையாவது எடை பார்ப்பது, நாளுக்கு ஒரு மணி நேரம் போல நடை, ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனிக் கணக்கு இல்லாமல் வாரம் முழுக்க ஒரே அளவுச் சாப்பாடு.

நைட் ஷிப்ட் முடிச்சு, கன்டெய்னர் லாரிப் புகையில் வீடு வருபவருக்கு ஒரு மணி நேர நடை லேசு இல்லை, தெரியும். ராயபுரம் ராபின்சன் பூங்காவோ, திருவொற்றியூர் மாட வீதியோ, அரை மணி நேரம் ரெண்டு தடவையாகப் பிரிச்சுக்கலாம். ரெண்டு கிலோ ஏறினதும் அடுத்த நாளே கவனிங்க, அடுத்த தை மாசம் வரை தள்ளாதீங்க. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீங்க. வீட்டில் சமைப்பவர்களும் "இன்னும் ஒரு தோசை" என்று வற்புறுத்தாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

சூரசம்ஹாரத்தில் சூரபத்மன் அழிந்துபோகவில்லை என்பது நமக்குத் தெரியும். மயிலாகவும் சேவலாகவும் முருகனோடவே இருக்கிறான். பசியும் அப்படித்தான். அதை ஒரேயடியா கொல்ல முடியாது, கொல்லவும் கூடாது. கூடவே வெச்சு தினமும் நடத்திக்கிட்டுப் போகணும்.

உங்க வீட்டிலோ தெருவிலோ எடை திரும்ப ஏறினவர் யாராவது இருந்தால், இன்னைக்கு அவரிடம் எடையைப் பற்றி ஒண்ணும் பேசாதீங்க. "சாயங்காலம் நடக்கப் போறேன், வர்றீங்களா?" என்று மட்டும் கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚