ஹக்கும் ஸதகாவும்

ஸதகா என்பது கொடுப்போனின் தயாளத்தைப் பொறுத்தது. ஹக்கு என்பது பெறுவோனுக்கு உரியது. அதைத் தடுத்து வைப்பது அநீதியாகும். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை கிதாபுகளோடு நின்றுவிடுவதன்று. ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்ற இல்லத்தில் அது அன்றாடம் எழும் வினா.

அப்பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும். உண்ணவும் உடுக்கவும் எழுதவும் பழக்கும் பயிற்சி வேண்டும். அதுவும் வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் வேண்டும். நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகளோ பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோரைக் கருதியே அமைந்தவை. ஓர் இரவும் அங்குத் தங்காமல் ஆயிரம் பகல் பயிற்சி பெறும் பிள்ளைக்கு அவற்றில் இடம் அரிது. பயிற்சியால் குறை முற்றும் நீங்குவதில்லையாதலின் அது சிகிச்சையன்று என்று வாதிடுவோரும் உளர்.

இவ்வாதம் மார்க்கத்தின் முன் நில்லாது. மருத்துவம் செய்துகொள்ளப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குணம் உறுதியானால் மட்டுமே செய்க என வரம்பு கட்டவில்லை. முயற்சி நம்முடையது, ஷிஃபா அல்லாஹ்வுடையது. இன்சுலின் நீரிழிவை வேரறுப்பதில்லை. ஆயினும் அதைச் சிகிச்சை என்கிறோம். பேசாத பிள்ளை தாகத்துக்குத் தண்ணீர் கேட்கப் பழகுவதை மட்டும் வேறெப்படி அழைப்பது?

நாட்டின் சட்டமும் இப்பிள்ளையை மறந்துவிடவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சுட்டியே கூறுகிறது. அதன் வழிவந்த ‘நிராமயா’ காப்பீடு, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. சேருமுன் மருத்துவப் பரிசோதனை இல்லை, கட்டணமும் சொற்பமே. மருத்துவமனையில் தங்காமல் பெறும் பயிற்சிகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2016இல் வந்த சட்டமோ தன் பெயரிலேயே ‘உரிமைகள்’ என்னும் சொல்லைத் தாங்கி நிற்கிறது. 2023இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு திட்டத்தை நிறுவனங்கள் வைத்திருக்கப் பணித்தது. எனினும் அத்திட்டங்கள் யாவும் பயிற்சிச் செலவை ஏற்கும் என எண்ணிவிடலாகாது. விதிகளைப் படித்தறிந்தே சேர வேண்டும்.

இனி நம்மிடையே உள்ள தடைகள் இரண்டு. முதலாவது, காப்பீடு கூடுமா என்னும் ஐயம். அந்த ஐயம் மதிக்கத்தக்கதே. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வணிகக் காப்பீட்டை விலக்கி, பரஸ்பர உதவியின்பாற்பட்ட கூட்டுறவுக் காப்பீட்டை அனுமதித்தது. ஆகவே அரசின் நலத்திட்டத்தையும் வணிக ஒப்பந்தத்தையும் ஒன்றெனக் கொள்ளாமல், விவரம் முழுதும் கூறி ஆலிம்களிடம் தீர்ப்புக் கேட்பதே முறை. ‘கூடாது’ என்று தடுத்துவிட்டு வாளாவிருப்பது மட்டும் நீதியாகாது. உணவு குறைந்தபோது இருந்ததையெல்லாம் ஒரே துணியில் குவித்துச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரை நாயகம் (ஸல்) அவர்கள் தம்மைச் சார்ந்தோர் எனப் பாராட்டினார்கள். காப்பீட்டைத் தடுக்கும் ஜமாஅத், அவ்விடத்தில் தன் பைத்துல்மாலை நிறுத்தக் கடமைப்பட்டது.

இரண்டாவது தடை வெட்கம். ஊனச் சான்றிதழ் பெற்றால் ஊரார் அறிவர், மற்றப் பிள்ளைகளின் நிக்காஹ் தடைப்படும் என அஞ்சிப் பெற்றோர் ஒதுங்குகின்றனர். கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கேள்வியோடு வந்த நிகழ்ச்சியையொட்டியே ‘அபஸ’ அத்தியாயம் அருளப்பெற்றது. அவர்கள் மறைந்திருக்கவில்லை, மதீனாவில் பாங்கு சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது அந்நகரின் பொறுப்பையும் ஏற்றிருந்தார்கள்.

பிள்ளை அல்லாஹ்வின் அமானத்து. அதன் ஹக்கைத் தன் வாயால் கேட்க அதற்கு இயலாதபோது, பெற்றோரின் நாவே அதன் நாவாகிறது. விண்ணப்பம் எழுதுவதும், மறுத்தால் மேல்முறையீடு செய்வதும் இரப்பதாகா, அமானத்தைக் காப்பதேயாகும். தமக்குரியதை விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை. பிள்ளைக்குரியதை விட்டுக்கொடுக்க நமக்கு ஏது அதிகாரம்?