ரசீது இல்லாத கணக்கு

குடும்பச் சண்டையில் எல்லாருக்கும் முன்னால் சமாதானமாகிவிடுகிறவரைத்தான் நான் இப்போதெல்லாம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். கத்துகிறவரைப் பற்றிக் கவலையில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். "எனக்கு ஒண்ணும் வேணாம், அண்ணன் என்ன சொன்னாலும் சரி" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம்தான் வேலை இருக்கிறது.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜாக்சன் ஹைட்ஸ் என்று ஓர் இடம். தலைக்கு மேலே 7ஆம் எண் ரயில் தடதடக்கும் ரூஸ்வெல்ட் அவென்யூவில், 74ஆம் தெருப் பக்கம் இறங்கினால் துவரம்பருப்பும் புடவைக் கடையும். அங்கிருந்து 82ஆம் தெருவரை நடந்தால் கொலம்பிய ரொட்டிக்கடை, ஈக்வடாருக்குப் பணம் அனுப்பும் கவுன்ட்டர். மளிகை வாங்கப் போன இடத்தில் ஸ்பானிஷ் பேசப் பழகியவள் நான். அந்த மொழிதான் என்னை மத்தியஸ்தப் பயிற்சி வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது. அக்கம்பக்கத் தகராறுகளையும் குடும்பப் பிணக்குகளையும் கோர்ட்டுக்கு வெளியே பேசித் தீர்க்கும் மையங்களுக்கு நியூயார்க் மாநிலம் 1981இல் ஒரு சட்டம் போட்டு வழி செய்தது. அவற்றில் மேசைக்கு நடுவே உட்காருகிறவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

வகுப்பில் சொல்லித் தந்தது எளிதாகத்தான் இருந்தது. தீர்ப்புச் சொல்லாதே, புத்தி சொல்லாதே, எந்தப் பக்கமும் சாயாதே. தாய்மாமன் வந்து உட்கார்ந்து, "அவ சின்னவ, நீதான் விட்டுக்கொடுத்துப் போகணும்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போன வீட்டில் வளர்ந்தவளுக்கு இது கசக்கத்தான் செய்யும். மேசைக்கு எதிரே இருந்த, ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களுக்கும் கசந்தது. அவர்கள் வீடுகளில் அந்த நாற்காலி ஞானத்தந்தைக்கு உரியது. குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் துணை நின்றவர் அதன் பெற்றோருக்கு 'கொம்பாத்ரே' ஆகிவிடுகிறார். அதற்குப் பிறகு கடன், கல்யாணம், பாகப்பிரிவினை எல்லாவற்றிலும் அவர் சொல்லுக்கு ஒரு எடை. "நீங்க என்ன நினைக்கிறீங்க, செனியோரா?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். நான் சொல்லமாட்டேன். பிறகு இவள் எதற்கு இங்கே என்ற பார்வை ஒன்று வரும்.

அந்தப் பார்வையில் நியாயம் இருக்கிறது. ஒட்டுறவு இல்லாத அந்நியர்தான் நடுநிலையாக இருக்க முடியும் என்பது அமெரிக்கப் பாடம். கொலம்பியா வேறு மாதிரி யோசித்தது. அங்கே 1991இல் வந்த சட்டம், ஊரார் மதிக்கும் அக்கம்பக்கத்து மனிதர்களையே பொறுக்கியெடுத்து, சம்பளமில்லாத சமரசர்களாக நியமிக்க இடம் கொடுத்தது. சட்டப் புத்தகத்தைவிட ஊரின் நியாய உணர்வே அவர்களுக்கு அளவுகோல். தெரிந்தவர் என்பதுதான் அவர்களின் தகுதி. இரண்டில் எது சரி என்று கேட்டால், சொத்துக்குத் தெரிந்தவர், மனசுக்கு அந்நியர் என்பேன். தெரிந்தவர் முன்னால் கௌரவம் வந்து குறுக்கே நின்றுகொள்கிறது. (வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைப்பதை மட்டும் எந்த முறையிலும் மன்னிக்க மாட்டேன். அப்பா அம்மாவைப் பற்றிச் சொன்னதைப் பத்து வயதுப் பையன் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் என்ன ஆகிறது என்று ஒருமுறை பார்த்தால் போதும்.)

நான் சந்தேகப்படக் கற்றுக்கொண்டது லாரா நேடரிடம். நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நேடரின் அக்கா, மானுடவியலாளர். மெக்சிகோவின் ஒஹாக்கா மலைகளில் தலேயா என்ற சபோடெக் கிராமத்துக்கு 1957இல் போய், அங்கே வழக்குகள் எப்படித் தீர்கின்றன என்று பார்க்க ஆரம்பித்தவர். யார் குற்றவாளி என்று தேடுவதைவிட, குலைந்த சமநிலையை மீட்பதே அங்கத்து நடுவருக்கு முக்கியம் என்று எழுதினார். படிக்கிறவருக்கு உடனே ஊர் ஆலமரம் ஞாபகம் வரும், மனசு குளிரும். ஆனால் 1990இல் வந்த புத்தகத்தில் அவர் கேட்டது வேறு கேள்வி. இந்த 'இணக்கம்' இவ்வளவு உரக்கப் பேசப்படுவது ஏன்? காலனி ஆட்சியும் பாதிரிமார்களும் ஊட்டிய இணக்கப் பேச்சை, வெளி அதிகாரம் ஊருக்குள் நுழையாதிருக்கக் கிராமங்கள் தாங்களே கேடயமாகப் பிடித்துக்கொண்டன என்பது அவர் கண்டது. அதே இணக்கம் ஆளை அடக்கி வைக்கவும் பயன்படும் என்றார். 1976இல் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் நீதிபதிகளும் வக்கீல்களும் கூடி வழக்குகளைக் கோர்ட்டுக்கு வெளியே அனுப்பும் வழிகளைப் பேசிய மாநாட்டில் அவரும் இருந்தார். பிற்பாடு அந்தப் போக்கின் கடுமையான விமர்சகரானார். நியாயம் கேட்டு வந்தவரை, மனவருத்தம் தீர்க்க வந்தவராக மாற்றிவிடுகிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதை ஓர் அறையில் பார்த்தேன். சில குடும்பங்களைக் கலந்துதான் சொல்கிறேன். அங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்பது அந்த மையங்களுக்கான சட்டத்திலேயே இருக்கிறது.

ஈக்வடாரில் 1999இல் வங்கிகள் நொடித்து, அடுத்த ஆண்டு நாட்டின் நாணயமே அமெரிக்க டாலர் ஆன சமயத்தில் ஏராளமானவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். தெற்கே கஞ்ஞார், அசுவாய் மாகாணங்களிலிருந்து அதற்கும் முன்பிருந்தே நியூயார்க் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள் எழும்பின. பலவற்றில் குடியிருக்க ஆள் இல்லை. அப்படிப் பணம் அனுப்பிக் கட்டிய ஒரு வீட்டுக்காக அண்ணனும் தங்கையும் வந்திருந்தார்கள். நிலம் அம்மாவுடையது. பணம் இரண்டு பேருடையது. கடைசித் தங்கை ஊரிலேயே அம்மாவோடு இருக்கிறாள். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போனில், வாட்ஸ்அப் வழியாக அவள் முகம்.

அண்ணன் பிளாஸ்டிக் உறை ஒன்றைத் திறந்தார். பணம் அனுப்பிய ரசீதுகள், வருஷவாரியாக ரப்பர் பேண்ட் போட்டவை. பழையவற்றில் மை மங்கி வெறும் தாளாகியிருந்தது. அவற்றையும் பத்திரமாக வைத்திருந்தார். தங்கை தன் கைப்பையிலிருந்து தன் கட்டை எடுத்தாள். இரண்டு கட்டுகளையும் வைத்துப் பேசிப் பேசி, யாருக்கு எந்த மாடி என்பதுவரை வந்துவிட்டார்கள். போனிலிருந்தவள் மட்டும் "நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணாலும் எனக்குச் சம்மதம்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். சக மத்தியஸ்தர் உடன்படிக்கை எழுதப் பேனாவைத் திறந்தார்.

நான் ஒன்று கேட்டேன்: "ராத்திரி அம்மாவுக்கு ஏதாவது ஆனா யாரு எழுந்திருக்கிறது?"

"அவதான். வேற யாரு?" என்றார் அண்ணன், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

போனிலிருந்தவளோடு மட்டும் தனியாகப் பேச நேரம் கேட்டோம். அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தபோது குவெங்கா நகரச் சந்தையில் இருந்த தன் கடையை விட்டுவிட்டாள். அதற்கு ரசீது கிடையாது. வீட்டில் பங்கு கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் கேட்டது இரவில் துணைக்கு ஒரு ஆள், ஞாயிற்றுக்கிழமை விடுப்பு, அப்புறம் ஒரு சாவி. அந்த வீட்டின் மாடிச் சாவி அண்ணன் மச்சினனிடம் இருந்தது. கீழே குடியிருப்பவளுக்கு மேலே போக உரிமையில்லை.

அன்று வீடு முடிவாகவில்லை. குவீன்ஸில் போடும் கையெழுத்து ஈக்வடாரின் நிலப் பதிவேட்டை மாற்றிவிடாது. அதற்கு அதிகாரப் பத்திரம், அங்கத்து நோட்டரி என்று தனி வழி. இரவு ஆளுக்கான சம்பளத்தை மாதாமாதம் இருவரும் பகிர்வது, சாவியைக் கொடுப்பது, இந்த இரண்டு மட்டும் தாளில் ஏறின. அண்ணன் முகம் சுருங்கித்தான் போனது. வரும்போது இருந்ததைவிட அதிகச் சண்டையோடு கிளம்பினார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

எல்லா மௌனத்தையும் இப்படிக் கேள்வி போட்டுத் திறந்துவிட முடியாது. அடிக்குப் பயந்த மௌனம் என்றால் மேசையே தப்பு. ஸ்பெயினின் 2004ஆம் ஆண்டுச் சட்டம், துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களின் வழக்குகளில் மத்தியஸ்தத்தையே தடை செய்திருக்கிறது. அடித்தவனையும் அடிபட்டவளையும் சமமான நாற்காலிகளில் உட்கார வைத்துவிட்டு அதை நடுநிலை என்று சொல்லக்கூடாது என்பதை நான் முழுதாக ஏற்கிறேன்.

சக மத்தியஸ்தர் அன்று ரயில் நிலையப் படிக்கட்டுவரை என்னோடு வாதாடிக்கொண்டே வந்தார். அது வழிகாட்டும் கேள்வி, கடைசித் தங்கை பக்கம் சாய்ந்த கேள்வி, விதிமீறல் என்றார். கேட்காமல் விட்டிருந்தால் அண்ணன் பக்கம் சாய்ந்திருப்போம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றுவரை. நாங்கள் சேர்ந்து உட்காரும் நாட்களில் யார் வீட்டு அம்மாவைப் பற்றியாவது நான் வாயெடுத்தால், திறந்த பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார்.