‘நாம்’ என்று பாடும் உரிமை

தன்மைப் பன்மைக்குத் தமிழில் இரண்டு சொற்கள். ‘நாங்கள்’ கேட்பவனை வெளியே நிறுத்துகிறது. ‘நாம்’ அவனையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. நான் வேலை பார்ப்பது போன்ற வங்கிகளின் கடிதங்களில் ‘நாங்கள்’ மட்டுமே உண்டு. பயிர்க்கடன் வாங்கியவனைப் பார்த்து எந்த வங்கியும் ‘நாம்’ என்று எழுதாது. அது நேர்மையான இலக்கணம். சந்தேகிக்க வேண்டியது ‘நாம்’ என்பதைத்தான். ஒருவன் எந்த உரிமையில் அதைச் சொல்கிறான்? ஊரைவிட்டுப் போய்ப் பாட்டெழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்த உரிமை எத்தனை நாள் செல்லுபடியாகும்?

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை வைத்து இதை யோசிக்கலாம். சிறுபத்திரிகைக்காரர்கள் சினிமாப் பாட்டை இலக்கியத்துக்கு வெளியே வைத்துவிட்டோம். அவரைக் கொண்டாடுகிறவர்களோ ‘மக்கள் கவிஞர்’ என்ற பட்டத்தோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். இரண்டு தரப்பும் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை.

1930இல் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்தவர். மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934இல். கல்லணைக் கால்வாய் வழியாகக் காவிரி பட்டுக்கோட்டைப் பக்கம் பாய்ந்தது அதையொட்டித்தான். புதுத் தண்ணீர் வந்த பூமியில் வளர்ந்தார். தகப்பனார் கும்மிப் பாட்டுக் கட்டியவர். பள்ளிப் படிப்பு சொற்பம். விவசாயிகள் இயக்கத்தில் வேலை, புதுவையில் பாரதிதாசனிடம் வாசம், ‘ஜனசக்தி’யில் கவிதைகள், பிறகு சென்னை. சினிமாவில் ஐந்தாறு ஆண்டுகள்தான். 1959 அக்டோபர் 8 அன்று இறந்தபோது வயது 29.

சினிமாவுக்குப் போனதால் கெட்டார் என்ற வாதத்தை முதலில் கழித்துவிடலாம். இன்னொருவர் போட்ட மெட்டுக்கு, மூன்றாமவர் சொன்ன கட்டத்துக்கு, கூலி வாங்கிக்கொண்டு எழுதுவது இழிவு என்றால் நடவுப் பாட்டும் இழிவுதான். அதுவும் அடுத்தவன் நிலத்தில், கூலி வேலையின் நடுவே பிறந்தது. ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும்போது கைகளுக்கு ஒரு வேகம் கிடைத்தது. அந்த வேகத்தின் லாபம் நிலக்காரனுக்கு. கலப்பற்ற நாட்டுப் பாடல் என்பது பட்டணத்துக்காரனின் கற்பனை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நடவில் பாடுகிறவளும் கேட்கிறவளும் ஒரே சேற்றில் நிற்கிறார்கள். அங்கே ‘நாம்’ என்ற சொல்லை உச்சரிக்கவே தேவையில்லை.

சினிமாவில் எழுதுகிறவன் ஒருவன், பாடுகிறவன் ஒருவன், வாயசைக்கிறவன் ஒருவன். ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தில் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. நிலத்தைத் திருத்தி விளைவித்தவன் கையில் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்பது அதன் விஷயம்; தஞ்சாவூர்க் களத்துமேட்டின் கணக்கு. டி.எம். சௌந்தரராஜனும் பானுமதியும் பாடினார்கள். படத்தைத் தயாரித்து, இயக்கி, மன்னனாகவும் நாடோடியாகவும் நடித்தவர் எம்.ஜி.ஆர். இந்த இரட்டை வேடமே நம் பிரச்னையின் உருவம். நாடோடி அரியணை ஏறிச் சட்டம் போட்டால் குறை தீரும் என்கிறது கதை. பாட்டு எழுப்பிய கேள்விக்குக் கதாநாயகன் பதிலாகிவிடுகிறான். ‘நாம்’ மெல்ல ‘உங்களுக்காக நான்’ என்று ஆகிறது. எம்.ஜி.ஆர். படங்களுக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற பாட்டுகள் பல, தம்பிக்கும் பாப்பாவுக்கும் சின்னப் பயலுக்கும் சொல்லும் புத்திமதிகளாக இருப்பது தற்செயலாகப் படவில்லை. புத்திமதி மேலிருந்து கீழே வருவது. நாயகனுக்கு அது வசதி.

இது கோடம்பாக்கத்தின் நோய் மட்டுமல்ல. ஓக்லஹோமாவின் நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி, நாடு யாருக்குச் சொந்தம் என்று 1940இல் எழுதிய பாட்டை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாடுகிறார்கள். தனிச்சொத்தைச் சீண்டும் அடிகள் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுவிடும். எல்லோரும் பாடக்கூடியதாவதற்குப் பாட்டு கொடுக்கும் விலை அது.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலித் தகராறின் உச்சத்தில், தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பட்டுக்கோட்டையாரின் பாட்டுகள் அதற்குப் பத்தாண்டு முன்பிருந்தே ரேடியோவில் ஒலித்துக்கொண்டிருந்தன. மிராசுதார் வீட்டு ரேடியோ அவற்றுக்கு விலக்கு அளித்திருக்காது. பாட்டு கொலையைத் தடுக்கவில்லை என்று குற்றம் சாட்டுவது அபத்தம். ஆனால் எரித்தவனும் எரிந்தவனும் ஒரே பாட்டை முணுமுணுத்திருக்க முடியுமென்றால், அதிலுள்ள ‘நாம்’ யார்?

சேற்றில் பிறந்ததால் அந்த உரிமை ஆயுளுக்கும் கிடைத்துவிடாது; சம்பளம் வாங்கியதால் போய்விடவும் செய்யாது. ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறவன் அதைக் கொடுக்கிறான், அல்லது கொடுக்க மறுக்கிறான். சோதனை எளிது: கதாநாயகனைக் கழித்துவிட்டுப் பாட்டை வயலில் நிறுத்திப் பார்க்கலாம். புத்திமதிகள் பள்ளி ஆண்டுவிழா ஒலிபெருக்கிக்குப் போய்ச் சேரும். அந்த ஆண்-பெண் பாட்டு நிற்கும். மன்னன் இல்லாதபோது அதன் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை என்பதாலேயே நிற்கும். நடவு இயந்திரம் வந்து பாடும் வரிசைகள் குறைந்துவிட்ட டெல்டாவிலும், அறுவடை முடிந்ததும் எழுவது அந்தக் கேள்விதான்.

அவருடைய பாடல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. சட்டப்படி அவை எல்லோருக்கும் சொந்தம். அந்த ‘எல்லோரும்’ இன்னும் ‘நாம்’ ஆகவில்லை.